வருத்தம் இல்லாதவனுக்குப் பாஸ் இல்லை

முள்ளிவாய்க்காலில் கள்ளு வேண்டாமென்று சொல்லும் இளைஞனை நல்ல பிள்ளை என்பார்கள். தேத்தண்ணி வேண்டாமென்று சொல்பவனை என்னவென்று சொல்வதென ஊருக்குத் தெரியவில்லை. அல்பேர்ட்டின் மகன் றொசான் இரண்டையும் வேண்டாமென்றான். அவனை நல்ல பிள்ளை என்பதா, கோபக்காரன் என்பதா, நோய் பிடித்த வருத்தக்காரன் என்பதா என்ற விவாதம் கரைவலை இழுக்கும் இடத்தில் ஆறு வருடமாக முடியாமல் கிடந்தது.

காரணம் கொழும்பில் தொடங்கியது. தொண்ணூற்று நாலில் அவனைக் கொட்டாஞ்சேனையில் இருந்த அம்மானிடம் அனுப்பினார்கள், குளிர்சாதனப்பெட்டி திருத்தப் பழகும்படி. முள்ளிவாய்க்காலில் அப்போது மின்சாரமே இல்லை. ஆனாலும் ஒரு தொழில் கையில் இருக்கட்டும் என்பது அல்பேர்ட்டின் தூரப்பார்வை. அங்கே வெள்ளைச் சேட்டுப் போட்டு, கழுத்தில் ரை கட்டிய இரண்டு வெளிநாட்டுப் பொடியன்கள் அம்மான் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மோர்மன் சபைக்காரர். றொசானின் வயதுதான் அவர்களுக்கும். சம்பளம் இல்லாமல், வீட்டையும் விட்டு, இரண்டு வருடம் ஊர் ஊராய் ஊழியம் செய்ய வந்திருந்தார்கள். அவர்கள் சொன்ன வேதத்தைவிட அந்த இரண்டு வருடம்தான் முதலில் அவனைப் பிடித்தது. வேதம் பிறகு பிடித்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஞானஸ்நானம் பெற்றான். அவர்களைப் போலவே தானும் ஊழியத்துக்குப் போவதென்று முடிவெடுத்தான்.

போவதற்குத் தகுதி வேண்டும். வயது பத்தொன்பதுக்கு மேல், இருபத்தாறு பிறக்கமுன். கலியாணம் ஆகியிருக்கக் கூடாது, பெண் தொடர்பும் கூடாது. குடி, புகை, தேத்தண்ணி, கோப்பி ஆகாது. பொய் ஆகாது. உடம்பு சுகமாக இருக்க வேண்டும். ஞானஸ்நானம் பெற்று ஒரு வருடமாவது கழிய வேண்டும். கடைசியில் சபைத் தலைவர் முன்னால் இருந்து இத்தனைக்கும் வாயால் பதில் சொல்ல வேண்டும்.

அந்த ஒரு வருடத்தை அம்மாவின் மீன்குழம்போடு கழிக்கலாமென்றுதான் சித்திரையில் அக்காவின் கலியாணத்துக்கு ஊர் வந்தான். கலியாணம் நடந்தது, சண்டையும் தொடங்கியது. பாதை மூடியது. ஒரு வருடம் போதுமென்று சபை கேட்ட இடத்தில் வன்னி அவனுக்கு ஆறரை வருடம் கொடுத்தது.

அவன் சபை மாறியதற்காக வீட்டில் பெரிய பிரளயம் எதுவும் நடக்கவில்லை. அல்பேர்ட் ஒரு கிழமை கதைக்கவில்லை, அவ்வளவுதான். தாய் மதலேனா அந்தோனியாரிடம் போனா. மகனை மாதா கோயிலுக்குத் திருப்பித் தா என்றுதான் முதலில் நேர்ந்தா. ஒரு மாதம் அவன் முகத்தைப் பார்த்தபின் நேர்த்தியை மாற்றினா: எந்தச் சபைக்காவது போகட்டும், இந்த முகத்தோடு வீட்டில் இருக்க வேண்டாம். அதன் பிறகு தன் மகன் வேறொரு சபையின் ஊழியனாக வேண்டுமென்று கத்தோலிக்கப் புனிதருக்கு மெழுகுதிரி கொளுத்திய ஒரே தாய் அவா. மெழுகுதிரி அப்போது கிடைப்பதும் அருமை.

தேத்தண்ணிதான் பெரும் பாடு. பொருளாதாரத் தடையில் சீனியும் தேயிலையும் பொன்னாக இருந்த காலம். ஒரு வீட்டுக்காரர் வந்தவரின் உள்ளங்கையில் தொட்டுக் குடிக்கச் சீனி வைத்து, பக்கத்தில் பால் விடாத பிளேன்ரீ வைத்தால் அது சாதாரண உபசாரம் இல்லை. செத்த வீட்டில் குடிக்காவிட்டால் செத்தவரோடு கோபம். கலியாண வீட்டில் குடிக்காவிட்டால் பொம்பிளை வீட்டாரோடு கோபம். தண்ணீரூற்றுப் பக்கம் தோட்டம் செய்த மலையகத்துச் சங்கிலியின் வீட்டில் அது இன்னும் மோசமாகப் போனது. கருவாடு கொடுத்து மரக்கறி மாற்றப் போனவன் முன்னால் சங்கிலியின் மனைவி மீனம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"எனக்கு வேண்டாமக்கா."

சங்கிலி வாயிலிருந்த சுருட்டை எடுத்தார். "ஏன் தம்பி, எங்க வூட்டுல வாய் நனைக்க மாட்டீங்களோ?"

அந்தக் கேள்விக்குள் எத்தனை தலைமுறை இருக்கிறதென்று றொசானுக்குத் தெரியும். "அய்யோ அண்ணை, அப்பிடி இல்லை. எங்கடை சபையிலை தேத்தண்ணி குடிக்கிறேல்லை."

"தேயிலைய கிள்ளிக் கிள்ளியே எங்க தாத்தா செத்தாரு. அத குடிக்கக் கூடாதுன்னு ஒரு சாமியா?"

"தண்ணி தாங்கோ, குடிக்கிறன்."

மீனம்மா செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தாள். குடித்தான். சங்கிலியின் முகம் தெளியாததைக் கண்டு இன்னொரு செம்பு கேட்டுக் குடித்தான். அது முடிந்தபின்தான் மனிதர் கத்தரிக்காயை நிறுக்க எழும்பினார். வயிற்றில் தண்ணீர் தளம்பத் தளம்ப சைக்கிள் மிதித்து வீடு வந்து, "ஒரு சபைக்கு நல்லவனா இருக்க ஒரு கிணத்தைக் குடிக்க வேண்டியிருக்கு" என்று அம்மாவிடம் எரிந்து விழுந்தான்.

ஒரு வருடம் கழிந்தது, இரண்டும் கழிந்தது. தகுதி எல்லாம் கையில் இருந்தது. கொழும்புக்குப் போய்ச் சபைத் தலைவர் முன்னால் இருப்பது ஒன்றுதான் பாக்கி. வன்னியை விட்டு வெளியே போக இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸ் கந்தோரில் விசாரித்து எழுதுபவர் அப்புத்துரை, ஓய்வுபெற்ற தபாலதிபர், இளகின மனம். வெயிலில் நின்று வருகிறவர்களுக்குத் தன் பங்குத் தேத்தண்ணியையே ஊற்றிக் கொடுப்பார். றொசானுக்கும் ஊற்றினார்.

"வேண்டாம் அண்ணை, நான் குடிக்கிறேல்லை."

அப்புத்துரையின் முகம் கனிந்தது. "இந்த வயசிலையோ? என்ன தம்பி, சீனி வருத்தமோ?"

பின்னால் வரிசையில் நின்ற ஒரு மனுசி அவன் முதுகில் விரலால் குத்தினா. ஓம் என்று சொல்லு என்பது குத்தின் பொருள். வருத்தக்காரருக்குத்தான் பாஸ் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாலே போதும், அப்புத்துரை தானாக எழுதியிருப்பார்.

"வருத்தம் ஒண்டும் இல்லை, அண்ணை."

"அப்ப என்னத்துக்குப் போறீர்?"

"ஊழியத்துக்கு."

"எந்தப் பாதர் அனுப்புறார்?"

"எங்கடை சபையிலை பாதர் இல்லை."

"பாதரும் இல்லை, வருத்தமும் இல்லை." அப்புத்துரை பேனையை மூடினார். "வேதம் சொல்ல ஏன் தம்பி கொழும்பு? இஞ்சை நிக்கிற சனத்துக்குச் சொல்லுமன். ஒருத்தரும் ஓட மாட்டினம், ஓட இடமும் இல்லை."

வரிசை சிரித்தது. றொசான் வெளியே வந்து சைக்கிளை உதைத்தான். செயின் கழன்று விழுந்தது.

அல்பேர்ட் அன்று பின்னேரம் கள்ளுப் போத்தலோடு இருந்து இதை ஆராய்ந்தார். "உண்மை சொன்னாத்தான் உன்ரை சபை எடுக்கும். உண்மை சொன்னா அந்தச் சபைக்கே போகேலாது. உன்ரை தலைவரைச் சந்திச்சா இதைக் கேள்."

"சந்திச்சாத்தானே கேக்கிறதுக்கு."

"அதையும் கேள்."

இரண்டாயிரத்தின் மாரியில் மலேரியா வந்தது. ஒரு முறை வந்து போய், திரும்பவும் வந்து, மூன்றாம் முறை ஆளைப் பாயோடு சேர்த்தது. கசப்பு வில்லையை அவன் துப்பத் துப்ப மதலேனா கையில் அகப்பட்ட பிளேன்ரீயில் அதைக் கரைத்து வாயில் ஊற்றினா. மண்ணீரல் வீங்கியிருக்கிறது, வவுனியாவுக்குக் கொண்டுபோங்கள் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். நாக்குத் தடித்துக் கிடந்த நிலையிலும் றொசானின் முகத்தில் வெளிச்சம் வந்தது. பொய் சொல்லாமல் பாஸ் எடுக்க ஒரு வருத்தம். காய்ச்சல் வந்ததற்கு நன்றி சொல்லிச் செபித்தவனை அடுத்த கட்டில்காரர் முறைத்துப் பார்த்தார்.

வவுனியாவில் மருந்து முடிந்ததும், இயக்கப் பகுதியில் இருந்து வந்தவர்களை வைத்திருந்த ஒரு முகாமுக்கு மாற்றினார்கள். கொழும்புக்குப் போக அங்கே இராணுவத்திடமும் ஒரு பாஸ் வேண்டும், அது கிடைக்கவில்லை. சங்கதி கேள்விப்பட்ட அம்மான் சபையில் போய்ச் சொல்ல, தலைவரே ரயில் ஏறி வந்தார். பெயர் சுடலைமுத்து. மலையகத்தில் பிறந்து கொழும்புத் துறைமுகத்தில் கணக்கு எழுதியவர். அந்தச் சைவப் பெயரை மாற்றாமலே மோர்மன் ஆனவர். முள்ளுக்கம்பிக்கு வெளியே ஒரு கல்லில் துவாயை விரித்து இருந்துகொண்டு, உள்ளே குந்தியிருந்தவனை விசாரித்தார்.

"கேக்குறத கேட்டுத்தான் ஆகணும் தம்பி. குடி, சிகரெட்?"

"இல்லை."

"பொண்ணு விசயம்?"

"இல்லை."

"டீ, காப்பி?"

றொசான் தலையைக் குனிந்தான். "காய்ச்சலிலை அம்மா ஒருக்கா பருக்கிப்போட்டா."

"அது ஆத்தா ஊத்துனது. நீங்க குடிச்சதில்ல. எல்லாரோடயும் நேர்மையா நடந்துக்கிறீங்களா?"

"அதாலைதான் இவ்வளவு காலமும் வரேலாமப் போச்சு."

சுடலைமுத்து சிரித்துவிட்டு உடம்பைப் பற்றிக் கேட்டார். றொசான் மூன்று மலேரியாவையும் வீங்கின மண்ணீரலையும் சொன்னான். சிரிப்பு நின்றது. அவர் கம்பிக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இத சொல்லாம விட்டுடலாமா தம்பி?"

"இப்பத்தானே ஐயா நேர்மையோ எண்டு கேட்டனீங்கள்."

சுடலைமுத்து நெற்றியைத் துடைத்தார். தான் கேட்ட கேள்வியிலேயே தான் தோற்றதை அவர் மறைக்கவில்லை. "அப்ப ஒண்ணுதான் வழி. ஆறு மாசம் காய்ச்சல் இல்லாம இருந்து, கொழும்புக்கு வந்து காட்டுங்க. வயசு எப்ப முடியுது?"

"கார்த்திகையிலை."

"நேரம் இருக்கு."

நேரம் இருந்தது, உண்மைதான். வருத்தம் மாறிய ஆளென்று முகாமில் இருந்து அவனைத் திரும்ப வன்னிக்கு ஏற்றினார்கள். ஊருக்கு வந்தவன் தன் உடம்பைக் கண்ணாடிச் சாமான்போல வைத்திருந்தான். பின்னேரமானால் நுளம்பு வலைக்குள் புகுந்துவிடுவான். வேப்பமிலை போட்டு முற்றம் முழுக்கப் புகை எழுப்புவான். கரைவலை இழுக்கவும் விடியத்தான் போவான். புகையில் ஊர் இருமியது. "மலேரியா எங்களுக்கு வரட்டும் எண்டு நுளம்பை இஞ்சாலை கலைக்கிறான்" என்று பக்கத்து வீட்டு ஸ்ரெல்லா வேலிக்கு மேலால் சொன்னாள்.

ஆறு மாதம் ஒரு காய்ச்சலும் இல்லை. அவன் வாழ்க்கையில் அத்தனை சுகமாக இருந்ததில்லை. அந்தச் சுகத்தோடு பாஸ் கந்தோருக்குப் போனான்.

அப்புத்துரை கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "சீனி வருத்தம் இல்லாத தம்பி எல்லே? இப்ப என்ன வருத்தம்?"

"ஆறு மாசமா ஒரு வருத்தமும் இல்லை. அதைக் காட்டத்தான் போகவேணும்."

அப்புத்துரை நாற்பது வருடம் தபால் பார்த்தவர். இப்படி ஒரு விலாசம் அவர் கண்டதில்லை. முழுக் கதையையும் கேட்டார். கேட்டு முடிய, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பேனையைத் திறந்தார்.

"நான் சீனி எண்டு போடட்டே? நீர் ஒண்டும் சொல்ல வேண்டாம். நான்தானே எழுதுறன்."

பேனை கடதாசிக்கு மேலே நின்றது. றொசான் அதன் முனையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கார்த்திகைக்கு இன்னும் இரண்டு மாதம்.

"போடாதேங்கோ அண்ணை," என்றான். குரலில் பக்தியைவிட எரிச்சல்தான் கூட இருந்தது. "அங்கை போனா அந்தாள் திரும்பவும் நேர்மையோ எண்டுதான் கேட்கும்."

அப்புத்துரை பேனையை மூடி, மேசையில் போட்டார். "உமக்குப் பாஸ் எழுதிறதுதான் என்ரை வேலை தம்பி. உம்மட்டை இருந்து உம்மைக் காப்பாத்திறது ஆற்றை வேலையோ தெரியாது."

கார்த்திகை வந்தது. இருபத்தாறு பிறந்த அன்று மதலேனா கடைசி மெழுகுதிரியைக் கொளுத்தவில்லை, அந்தோனியாரோடு கோபம். ஸ்ரெல்லா கேக்கென்று சொல்லி ஒரு துண்டு உழுத்தம்மா அப்பத்தோடு வந்தாள். எல்லோருக்கும் தேத்தண்ணி வந்தது, அவனுக்குக் கொத்தமல்லி அவித்த தண்ணி.

"இன்னும் விடேல்லையோ?" என்றாள் ஸ்ரெல்லா. "இனி எடுக்க மாட்டினம் எல்லே?"

"எடுக்க மாட்டினம்."

"பிறகென்னத்துக்கு?"

அல்பேர்ட் இடையில் விழுந்தார். "அவனை விடு. கடலுக்குப் போகாத வள்ளத்துக்கும் தார் பூசிறவன் அவன்."

"ஊழியத்துக்கு எடுக்க மாட்டம் எண்டதுதான் அப்பா. சபையை விட்டுப் போ எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை," என்றான் றொசான்.

கொத்தமல்லி அளவுக்கு மேல் அவிந்து கைத்தது. முகத்தைச் சுளித்துச் சுளித்து, அடிவரை குடித்து முடித்தான்.