பழவேற்காட்டு ஏரிப் பூங்காவில் வேலி வரும் இடம்

பூங்காக்கள் எப்படி உருவாகின்றன என்று படிப்பதில் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. பழவேற்காட்டில் ஏரிக்கரைப் பூங்காவைப் பெரிதாக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், வேலை தொடங்குவதற்குள் பார்த்துவிடலாம் என்று பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினேன்.

சென்ட்ரலிலிருந்து காலை 5.10 புறநகர் ரயில். பொன்னேரிக்கு 10 ரூபாய், ஐம்பது நிமிடம். பிறகு பேருந்தில் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர், 20 ரூபாய். ஏழு மணிக்குக் கரையில் இருந்தேன்.

இப்போதுள்ள பூங்கா இரண்டு சிமெண்ட் பெஞ்சும் பலகை இல்லாத ஓர் ஊஞ்சலும்தான். அதற்கு முன் படகுகளைக் கவிழ்த்துத் தார் பூசிய இடமாம். பெஞ்சுக்கடியில் கருப்புத் திட்டுகள் இன்னும் தெரிகின்றன. வரப்போவதை வாசலில் ஒரு வண்ணப் பலகை காட்டுகிறது: நடைபாதை, பறவை பார்க்கும் மேடை, கரை நெடுக இடுப்பளவு கம்பி வேலி.

அந்த வேலி வரப்போகும் இடத்துக்கு நேர் எதிரே ஏழெட்டுப் பெண்கள் நீரில் குந்தி, சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி என்ற கூடை. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் அதன் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். வணக்கம் சொன்னேன். யாரும் வாய் திறக்கவில்லை.

அவர்களில் பறி நிறைந்து முதலில் கரையேறிய செல்வியக்கா காரணம் சொன்னார்.

"வாயத் தொறந்தா எறா பூடும்மா. அதான் வம்பே. போன மாசம் ஆபீசர் வந்து கரையில நின்னுக்கினு, 'வேலி போடப்போறோம், யாருக்குனா ஆட்சேபனை இருக்கா'னு கேட்டாரு. எல்லார் வாயிலயும் பறி. ஆட்சேபனை இல்லனு எழுதிக்கினு பூட்டாரு."

"ஒருத்தராவது பறியை எடுத்திருக்கலாமே?"

"அவ எடுப்பானு நானு, நான் எடுப்பேன்னு அவ."

"இவ வாய மூடிக்கினு இருந்தது அந்த ஒரு நாளுதான்," என்றார் பின்னாலேயே வந்த அவருடைய நாத்தனார் கன்னியம்மா.

வேலி வந்துவிட்டால் நீரில் இறங்க அடுத்த இடம் ஒரு கிலோமீட்டர் தள்ளி. நடுவே ஆளை இழுக்கும் சேறு. இறங்க முடியாத நாள் இவர்களுக்கு வருமானமில்லாத நாள். அதனால் வேலியில் வழி விடச் சொல்லி மனு கொடுத்திருந்தார்கள். 8.20க்கு அதே அதிகாரி வரைபடத்தோடு வந்தார்.

"சின்னப் புள்ளைங்க தண்ணியில விழக்கூடாதுனுதாம்மா வேலி."

"உழுந்தா தூக்க நாங்க கீறோம் சார். ரெண்டு பேரு பறியோட எதிரும் புதிருமா போவணும். அவ்ளோ வழி உடுங்க," என்றார் செல்வியக்கா.

அவர் சிரித்தார். வேலிக் கோட்டில் கொஞ்சத்தை அழித்துவிட்டு, "மேல சொல்றேன்," என்றார். அதற்கு மேல் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை.

நான் தேடிப் படிக்கும் பூங்கா வரலாறுகளில் இந்த அழிப்பு எங்கேயும் பதிவாகியிருக்காது என்று திரும்பும் பேருந்தில் தோன்றியது.

போகிறவர்கள் ஏழிலிருந்து ஒன்பதுக்குள் போங்கள். குடிநீர் எடுத்துக்கொள்ளுங்கள், கழிப்பறை பேருந்து நிறுத்தத்தில்தான். நீரில் இருப்பவர்களிடம் எதையும் கேட்காமல் கரையேறும்வரை காத்திருங்கள். வேலி வந்திருந்தால், அதில் இரண்டு பேர் எதிரெதிரே நடக்க வழி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எனக்கு எழுதுங்கள்.