பர்மாவை விட ஒரு ரூபாய் குறைவாக

ஏற்றுமதிக் கம்பெனியில் இரண்டு நாட்டுச் செலவை ஒப்பிட்டு எழுதுவது என்பது, எதிர்வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று எட்டிப் பார்த்தபடியே நம் வீட்டுச் சோற்றைத் தீயவிடுகிற வேலை. செஞ்சியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைத்து மலேசியாவுக்கு அனுப்பும் ஒரு மில்லில் நான் அதைத்தான் செய்கிறேன்.

எதிராளி

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் சரக்கை வாங்குகிறவர் தமிழர்தான். ஆனாலும் பர்மா மல்லாட்டை என்ன விலைக்கு வந்து இறங்குகிறது என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார். உடனே நான் ஒரு பக்கம் பர்மா, ஒரு பக்கம் நாம் என்று கோடு போட்டு, சாக்கு, உடைக்கிற கூலி, சென்னை துறைமுகம் வரை லாரி, கப்பல் வாடகை என்று எழுதிக்கொண்டே போவேன். இந்த முறை கூட்டிப் பார்த்தால் நாம்தான் அதிகம். ஆர்டர் போனால் மில்லைப் பூட்ட வேண்டும். நாற்பது பேர் வீட்டுக்குப் போக வேண்டும், நான் உட்பட. முதலாளி தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவன விட கிலோவுக்கு ஒரு ரூவா கம்மியா வர்ற மாதிரி பாரு. எப்டின்னு மட்டும் என்னைக் கேக்காத."

ஒரு நாள் வெயில்

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மிஷினில் போடும் முன் மல்லாட்டை மேல் தண்ணீர் தெளிப்பார்கள். தெளித்தால் பருப்பு உடையாமல் முழுசாக வரும். முழுப் பருப்புக்குத்தான் விலை. பிறகு அந்த ஈரம் போக இரண்டு நாள் களத்தில் காய வேண்டும். லாரிக்காரரிடமும் கப்பல்காரரிடமும் குறைக்க வழியில்லாத நான், களத்துக் கூலியில் கை வைத்தேன். இரண்டு நாள் என்பதை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினேன். பர்மாவுக்குக் கீழே வந்துவிட்டோம். முதலாளி சிரித்தார், நானும் சிரித்தேன்.

ஆர்டர் வந்தது. ஒரு நாள் காய்ந்த பருப்பைச் சாக்கில் பிடிக்கும்போது, களத்தைப் பார்த்துக்கொள்ளும் மேரி அக்கா ஒரு பருப்பைக் கடித்து முகத்தைச் சுளித்தார். ஒரு நாள்தான் கணக்கு என்று தாளைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. "நீ பேப்பர்ல காய வெச்சிட்ட தம்பி. களத்துல இன்னும் காயலியே."

மோப்பம்

அப்படியே மூட்டை கட்டச் சொன்னேன். கன்டெய்னர் கப்பலேறியதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இரும்புப் பெட்டி, கடல் வெயில், உள்ளே ஈரப் பருப்பு. அந்த ஞாயிறு தளவானூரிலிருந்து வந்த உறவுக்காரர்களோடு கோட்டைக்குப் போனோம். பழைய நெற்களஞ்சியத்துக்குள் எல்லோரும் குரல் கொடுத்து எதிரொலி கேட்டார்கள். நான் சுவரோரம் நின்றேன். அடைத்து வைத்த தானியம் இப்படித்தான் நாறுமோ என்று நினைத்ததும் சுவர்ப்பக்கம் குனிந்தேன். என் மனைவி பக்கத்தில் வந்து கேட்டாள்: "எல்லாரும் கூவிப் பாக்குறாங்க, நீ மட்டும் இன்னாத்துக்கு செவுத்த மோந்து பாத்துகினு இருக்க?"

கிள்ளான் போன்

பதினைந்தாம் நாள் வாங்குகிறவரிடமிருந்து போன் வந்தது. சாக்கைப் பிரித்தால் பச்சைப் பூசணம். அங்கே சோதனையில் தின்ன லாயக்கில்லை என்று எழுதிவிட்டார்களாம். அவர் கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் பேசினார். "எப்பவும் நீங்கதானே ரெண்டு நாட்டுச் செலவையும் போட்டுக் காட்டுவீங்க தம்பி. இந்தத் தடவ இங்கேருந்து உங்க ஊருக்குத் திருப்பி அனுப்ப எவ்வளவு ஆகும்னு போட்டுக் கொடுங்க லா."

ஒன்று என்று எழுதியவன்

போட்டேன். போன செலவைவிட வருகிற செலவு அதிகம். அடுத்த ஆர்டரும் பர்மாவுக்குப் போய்விட்டது. ஈரத்தோடு ஏன் மூட்டை கட்டினாய் என்று முதலாளி மேரி அக்காவைக் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். ஒரு நாள் என்று எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். முதலாளி களத்து ஆட்கள் அத்தனை பேரையும் வேலையை விட்டு நிறுத்தினார், மேரி அக்கா உட்பட. பிறகு என்னிடம் சொன்னார்: "நீயும் போய்ட்டா, திரும்பி வர்ற சரக்குக்கு பேப்பர் யாரு எழுதறது? நீ உக்காரு."

பர்மாவுக்கும் செஞ்சிக்கும் உள்ள வித்தியாசத்தைக் காசு சுத்தமாகப் போடத் தெரிந்த எனக்கு, மேரி அக்கா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் போட்டுப் பார்க்க மட்டும் இன்னும் தைரியம் வரவில்லை.