அக்கா போட்ட மெருகு

என் அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. அதனால்தான் கல்லூரியில் அவளைத் தர மதிப்பீட்டுப் பிரிவில் உட்கார வைத்தார்கள் என்று நான் கிண்டல் செய்வேன். பொய் சொல்பவன் என்றைக்காவது மாட்டிக்கொள்வான். அக்கா ஒரு பொய்கூட எழுதாமல் ஊரையே நம்ப வைத்துவிடுவாள்.

சில வருடங்களுக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஒரு குழு வந்து கல்லூரியைச் சோதிக்கும். ஆய்வகத்தில் குழாயைத் திறந்து பார்க்கும், மாணவர்களைத் தனியே கூப்பிட்டுப் பேசும். பிறகு கல்லூரி முதல்வருக்கு நீளமாக ஓர் அறிக்கை அனுப்பும். அதைச் சுருக்கி, எல்லோரும் படிக்கும்படி கல்லூரியின் இணையதளத்தில் போட வேண்டும் என்பது விதி. சுருக்குவது அக்காவின் வேலை. "கொஞ்சம் மெருகு போட்டுடுங்க மேடம்" என்பார் முதல்வர். அவர் சொல்லாவிட்டாலும் போடுவாள். கை அப்படிப் பழகிவிட்டது.

நூலகத்துக்கு யாரும் வருவதில்லை என்று குழு எழுதினால், அக்கா 'அமைதியான வாசிப்புச் சூழல்' என்பாள். லிஃப்ட் ஓடவில்லை என்றால் 'உடல்நலத்தை ஊக்குவிக்கும் வளாகம்'. நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். "நான் தெளிவாக்கறேன், நீ மங்கலாக்கற. குடும்பத்துக்கு ரெண்டு வருமானம்" என்பேன். "வாயை மூடுடா" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சொற்களின்மேல் அவளுக்கு உள்ளூரக் கர்வம்தான்.

வினை என் மகள் உருவத்தில் வந்தது. பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போனை நீட்டினாள்.

"அத்தை, உங்க காலேஜ்லயே கெமிஸ்ட்ரி சேரப்போறேன். அறிக்கையைப் படிச்சேன், பிரமாதமா இருக்கு."

அக்காவுக்குப் புரையேறியது.

"வேற பாடம் ஏதாவது பாரேன்."

"ஏன்? 'மாணவர்கள் தாமாகவே தேடிக் கற்கும் பழக்கம் மேலோங்கியுள்ளது'னு போட்டிருக்கே."

அக்கா தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் நிதானமாகத் தண்ணீர் குடித்தேன். உதவி செய்வதாக இல்லை.

"வாத்தியார் இல்லடி," என்றாள் கடைசியில். "நாலு பேர் இருக்கணும். ஒருத்தர்தான் இருக்கார்."

"'சோதனைகளைக் கற்பனை வளத்துடன் அணுகுகின்றனர்'?"

"ஆசிட் தீர்ந்துபோச்சு. செஞ்ச மாதிரி நினைச்சு எழுதிக்கறாங்க."

நான் சிரித்துத் தொலைத்தேன். மகள் சிரிக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்கு அர்த்தம் சொல்ல அத்தை இருக்கீங்க. மத்த பிள்ளைங்களுக்கு யார் இருக்கா?"

அக்கா அதற்குமேல் ஒரு வாய் சாப்பிடவில்லை. எனக்கும் சுருக்கென்று தைத்தது.

வேறு கல்லூரி பார்க்கலாம் என்றால், வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் வேதியியல் இருப்பது அங்கே மட்டும்தான். தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதபோது விடுதிக்குப் போகமாட்டேன் என்று மகள் ஒற்றைக் காலில் நின்றாள். அப்படியென்றால் படிப்பு முடியும்வரை ஒரே வாத்தியார், அதுவும் அவர் லீவு போடாத நாட்களில்.

மறுநாள் அக்கா சுருக்கத்தைத் திருப்பி எழுதினாள். குழு சொன்னதைக் குழு சொன்னபடியே எழுதினாள். வேதியியலுக்கு ஓர் ஆசிரியர். ஆய்வகத்தில் அமிலம் இல்லை. முதல்வர் வழக்கம்போலப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அக்காவின் கைவேலையில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. பாவம், எனக்கே அவர்மேல் இரக்கம் வந்தது.

மேலிடத்திலிருந்து யாரோ போன் செய்து "ரொம்ப வெளிப்படையா இருக்கீங்களே" என்று சொன்ன பிறகுதான் படித்தாராம். அறிக்கையை இணையதளத்திலிருந்து இறக்கினால் இன்னும் அசிங்கம். அதனால் அக்காவை இறக்கினார். மாணவர் சேர்க்கைக்கான விசாரணை ஜன்னலில் கொண்டுபோய் உட்கார வைத்தார். அங்கே எழுத ஒன்றுமில்லை, வாயால் பதில் சொன்னால் போதும் என்பது அவர் எண்ணம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார் மனுஷன்.

சேர்க்கை தொடங்கிய அன்று நானும் மகளும் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும் அக்கா முன்பின் தெரியாதவள்போல் நிமிர்ந்தாள்.

"எந்தத் துறை?"

"கெமிஸ்ட்ரி. மத்த வாத்தியாருங்க எப்ப வருவாங்க?"

"எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சவர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்." எழுந்து வந்து வரிசை முழுக்கக் கேட்டாள். "கெமிஸ்ட்ரிக்கு வந்தவங்க யாரு? நீங்களும் வாங்க."

முதல்வர் அறைக்குள் அப்பா அம்மாக்களும் பிள்ளைகளுமாக ஒரு கூட்டமே நுழைந்தோம்.

"சார், வாத்தியாருங்க எப்ப வருவாங்கன்னு கேக்கறாங்க," என்றாள் அக்கா. "நான் சொன்னா ரொம்ப வெளிப்படையா வந்துடுது. நீங்களே சொல்லிடுங்க."

முதல்வர் தொண்டையைச் செருமினார். "அதாவது, மனிதவள மேம்பாட்டுக்கான சாத்தியங்கள் தொடர் பரிசீலனையில் உள்ளன."

"அப்படின்னா என்ன சார்?" என்றாள் என் மகள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

முதல்வர் அக்காவைப் பார்த்தார். இத்தனை வருடமாக அவர் பார்த்த மாத்திரத்தில் அக்காவிடமிருந்து ஒரு சொல் வந்து விழும். அன்று அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் நகரவில்லை.

"ஒருத்தர்தாம்மா இருக்கார்," என்றார் கடைசியில். குரல் இறங்கிவிட்டது. "ஆள் வேணும்னு மேலிடத்துல நான் இன்னும் கேக்கவே இல்லை. எல்லாம் நல்லா இருக்குன்னு வருஷக்கணக்கா நாமளே போட்டுட்டு, ஆள் வேணும்னு எந்த வாயால கேக்கறது?"

அக்காவின் பார்வை மின்விசிறியிலிருந்து இறங்கியது. முகம் வெளிறிப்போயிருந்தது. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. கிண்டல் செய்யவும் தோன்றவில்லை. பிறகு அவள் ஒரு நாற்காலியை இழுத்து அவர் எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப கேளுங்க சார்," என்றாள். "லெட்டரை நான் எழுதறேன். முடியறவரைக்கும் இவங்க இங்கேயே நிக்கட்டும்."