இன்று புகைபோக்கி பார்க்க ஆள் வந்தார்

ஒரு மாதமாகச் சுடுதண்ணீரைத் திறந்தாலே என் மனைவிக்குத் தலை சுற்றுகிறது. எங்கள் அடுப்புக்கும் காஸ் ஹீட்டருக்கும் ஒரே புகைபோக்கி. அது அடைத்து, காஸ் புகை வீட்டுக்குள்ளேயே திரும்புகிறது என்று மேல்வீட்டு இத்தாலியக்கார அம்மாவிடம், எங்கள் சின்யோராவிடம், சொன்னேன். வீடு அவருடையது.

"புகை இல்லை, உங்கள் மிளகாய்தான் காரணம்" என்றார்.

"மிளகாய்க்குத் தலை சுத்துமெண்டால் யாழ்ப்பாணம் முழுக்க எப்பவோ விழுந்திருக்கும். நீங்கள் ஆளைக் கூப்பிடுங்கோ" என்றாள் மனைவி.

"ஆள் வந்தால் வேறு வீடு பாருங்கள்" என்றார் சின்யோரா.

ஆள் வந்தார். கூப்பிட்டது நாங்கள்தான். கூரையில் ஏறி, புகைபோக்கியின் வாய்க்குள் கைவிட்டு, பூப்போட்ட திரைச்சீலை ஒன்றை இழுத்தெடுத்தார். அதன் சோடி சின்யோராவின் யன்னலில் ஆடிக்கொண்டிருந்தது.

"கறி மணம் மேலே வருகிறது" என்றார் சின்யோரா, நாங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் போல.

"யன்னல் சாத்தும் குளிர்காலமாக இருந்தால், சின்யோரா, இங்கிருந்து பிணங்களைத்தான் எடுத்திருப்பார்கள்" என்றார் வந்தவர்.

திரைச்சீலையைத் தோய்த்து, மடித்து, சின்யோராவின் வாசலில் வைத்துவிட்டோம். வீடு மாறும் எண்ணம் இல்லை.

இப்போது கருவாடு பொரிகிறது. புகைபோக்கி அருமையாக இழுக்கிறது.

நாளைக்கு என்ன சமைக்கலாம், சொல்லுங்கள். மணம் குறைந்த யோசனைகள் ஏற்கப்படமாட்டா.