ஹொல்ம்லியாவில் ஓர் அகவணக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஓபராப் பாடகி ஒருத்தியைப் பற்றித்தான் ஒஸ்லோ இசைக் கல்லூரியில் என் முதுகலை ஆய்வு. எங்கள் ஈழத்தமிழர் சங்கத்தின் ஆண்டு விழாவில் அவளைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் தலைவர் முகத்தைச் சுளித்தார்.

"எங்கட சனத்துக்கு உது என்னத்துக்கு, பிள்ளை? சரி, சாப்பாட்டுக்கு முதல் பத்து நிமிசம் கதையும்."

நகரின் ஓரத்திலுள்ள ஹொல்ம்லியா மண்டபத்தில் நான் மைக்கைப் பிடித்தபோது, சமையலறையிலிருந்து ரோல்ஸ் பொரிக்கும் வாசம் வந்துவிட்டது. ஒருவரும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. எழுதிக்கொண்டு போன தாளை மடித்து வைத்துவிட்டு, கடைசியிலிருந்து தொடங்கினேன். பாரிஸே எழுந்து நின்று கைதட்டிய பாடகி அவள். குரல் போன பிறகு ஒற்றை அறையில் பாட்டுச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தாள். செத்தபோது சவப்பெட்டிக்குப் பின்னால் போனவர்கள் நாலே பேர்.

முன்வரிசையில் ஓர் அன்ரி எழுந்து நின்றார். எங்கள் கூட்டங்களில் இறந்தவர்களுக்கு ஒரு நிமிடம் எழுந்து நின்று அகவணக்கம் செலுத்தாமல் எதுவும் தொடங்காது. அன்றைக்கு அது ஏற்கெனவே முடிந்திருந்தது. ஆனாலும் பழக்கதோஷம்; அவரைக் கண்டு பக்கத்திலிருந்தவர் எழுந்தார், பிறகு வரிசை வரிசையாகக் கதிரைகள் உரசின. கடைசியில் தலைவரும் எழுந்தார், கையில் ரோல்ஸோடு.

"பிள்ளை, அவ பாடின பாட்டொண்டு பாடும்," என்றார் அன்ரி.

"பத்து நிமிசம் முடிஞ்சுதே," என்றேன், தலைவரைப் பார்த்து.

"ரோல்ஸ் ஆறினா ஆறட்டும். நீர் பாடும்," என்றார் தலைவர்.

பாடினேன். பிரெஞ்சில் ஒரு சொல்லும் விளங்காத அந்தச் சனம், பாட்டு முடியும்வரை உட்காரவில்லை.