டப்பாவில் விழுந்த போல்ட்டுகள்

கை கழுவிவிட்டு வருவதற்குள் போர்ட்டிகோவில் கடகடவென்று சத்தம். நான் காரிலிருந்து கழற்றி, பனியன் வேஸ்ட் துணியில் வரிசையாக வைத்திருந்த போல்ட்டுகளை என் கணவர் ஒரே டப்பாவில் அள்ளிப் போட்டிருந்தார்.

"ஒறம்பரை விருந்துக்கு வர்ற நேரமாச்சு. அதான் சுத்தம் பண்ணீட்டேன்."

வேலம்பாளையம் வீட்டில் சின்ன வயதில் கேட்ட அதே சத்தம். ஞாயிறானால் அப்பாவின் பழைய வேனுக்கு அடியில்தான் கிடப்பேன். பனியன் துணியின் பிளீச் வாடையோடு ஆயில் வாடை கலந்திருக்கும். பக்கத்துப் பனியன் கம்பெனி மெஷின் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்கிற எனக்கு, ஸ்பேனர் பிடித்தால்தான் தலைக்குள் அமைதி. கழற்றிய வரிசையிலேயே போல்ட்டுகளைத் துணியில் அடுக்குவேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம்; வரிசை கலைந்தால் எல்லாம் போச்சு.

ஒருநாள் விருந்தாளிகள் வருகிறார்கள் என்று அத்தை அந்தத் துணியைச் சுருட்டி டப்பாவில் உதறினாள். நான் அலறினேன்.

"எதுக்கு கண்ணு இந்தக் கத்து கத்தறே?" என்றவள், வந்தவர்களிடம் திரும்பி, "சரியான பிடிவாதக்காரிங்க" என்றாள்.

போன வருடம் டாக்டர் அதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். வீட்டில் இன்னமும் பிடிவாதம்தான்.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. துணியை வாசற்படிக்கு நேராக விரித்தேன். டப்பாவைக் கவிழ்த்து, உட்கார்ந்து அடுக்க ஆரம்பித்தேன். வருகிறவர்கள் தாண்டிப் போகட்டும்.