சகோதரிகள்: இல்லை

தம்பிக்குப் பெண் தேடத் தரகர் அடித்துக் கொண்டுவந்த தாள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. அலுவலகத்திலிருந்து வந்தவள் பையைக்கூட இறக்கி வைக்காமல் எடுத்து வாசித்தேன். பெயர், வயது, உயரம், சபை, படிப்பு, கத்தாரில் எலக்ட்ரீஷியன் வேலை. தகப்பனார் காலமானார். தாயார் உண்டு. அதற்கு அடியில் 'சகோதரிகள்: இல்லை' என்று இருந்தது.

அவனுக்கு ஒரு சகோதரி உண்டு. அது நான்தான். அன்றைக்குக் காலையில்தான் அந்த மேசையில் உட்கார்ந்து புட்டும் பயறும் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தேன்.

நான் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்று மனுக்களைப் பார்க்கிறவள். ஒருவர் இறந்துபோனால் அவருக்கு யார் யார் வாரிசு என்று குடும்பத்தார் எழுதிக் கொடுப்பார்கள். அதில் பெரும்பாலும் ஒரு மகள் காணாமல் போயிருப்பாள். கேரளத்தில் கட்டிக் கொடுத்தவள், வேறு சாதிக்காரனோடு போனவள், அண்ணனோடு பேச்சு நின்றவள். அவர்களைக் கண்டுபிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. பழைய குடும்ப அட்டையைக் கொண்டுவரச் சொல்வேன். பக்கத்து வீட்டில் விசாரிக்கச் சொல்வேன். பிறகு மனுவின் மேல், 'ஒரு மகளின் பெயர் விடுபட்டுள்ளது, சேர்த்து மீண்டும் சமர்ப்பிக்கவும்' என்று எழுதித் திருப்பி அனுப்புவேன். பதினாலு வருடமாக ஊரார் வீட்டு மகள்களைத் தேடிக் கொடுத்தவளை என் வீட்டிலேயே தொலைத்திருந்தார்கள்.

பேனாவை எடுத்தேன். மகள் என்பதைச் சகோதரி என்று மாற்றி, அதே வாக்கியத்தைத் தரகரின் தாள்மேல் எழுதி வைத்தேன்.

அம்மா அடுக்களையிலிருந்து வந்து பார்த்தாள்.

"ஏட்டி, இத ஏன் கிறுக்கி வச்சிருக்க? இருவது காப்பி எடுத்தாச்சு, கேட்டியா?"

"கொண்டா, இருவதுலயும் எழுதுகேன்."

"ஒன்ன ஒளிச்சு வைக்கல்ல மக்கா. மொதல்ல பேசி முடியட்டு, பொறவு பைய சொல்லலாம்னு தரகர்தான் சொன்னாவ. மூத்தவ கெட்டாம வீட்டுல இருக்கான்னு தெரிஞ்சா பெண்ணு வீட்டுக்காரவ யோசிப்பாவ."

"என்னத்த யோசிப்பாவ? நான் கடிப்பனா?"

"ஆயுசுக்கும் நாத்தனார் கூடவே இருப்பான்னா எந்தப் பிள்ள வரும்?"

எனக்குக் கல்யாணம் ஆகாததைக் கர்த்தருடைய சித்தம் என்று சபையில் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை கர்த்தருக்கு இதில் பெரிய பங்கு கிடையாது. எனக்கு இருபத்துமூன்று வயதில் அப்பா போனார். தம்பி அப்போது ஐ.டி.ஐ.யில் சேர்ந்திருந்தான். நான் தேர்வு எழுதி வேலைக்குப் போனேன். அவன் படித்து முடித்து விமானம் ஏறும்வரை வீட்டில் ஒருவரும் என் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்தபோது என் உயரம் இடித்தது. உயரம் ஒத்த இடத்தில் படிப்பு கூடிப்போனது. எம்.எஸ்சி. படித்த பெண் டிப்ளமோக்காரனை மதிக்க மாட்டாளாம். படிப்பு ஒத்த ஒருவர் துபாயில் இருந்தார், என்னை வேலையை விட்டுவிட்டு வரச் சொன்னார். அவரை வேலையை விட்டுவிட்டு இங்கே தக்கலைக்கு வரச் சொன்னேன். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது. அதற்குள் முப்பது தாண்டிவிட்டது. தரகர் என் தாளை மடித்துத் தன் பையின் அடியில் வைத்துவிட்டார்.

முப்பத்தொன்றில் ஒருவர் என்னிடமே நேராகக் கேட்டார். கடியப்பட்டணத்துக்காரர், பள்ளிக்கூட ஆசிரியர், ஏதோ சான்றிதழுக்கு வந்து பழக்கமானவர். எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. கத்தோலிக்கர், கடற்கரை ஆட்கள், நமக்குச் சரிப்படாது என்று அம்மா மூன்று நாள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். நான் பணிந்து போனேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற காரியம் அது ஒன்றுதான். இப்போது அதே அம்மா யாரிடமாவது 'இவளுக்கு ஒண்ணும் அமையல்ல' என்று சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அமைந்தது, நீங்கள்தான் திருப்பி அனுப்பினீர்கள்.

தம்பிக்கு முப்பத்துநாலு. அந்த வயதில் எனக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். அவன் மட்டும் இன்னும் 'பையன்'. ஆனாலும் பையன்களின் காலமும் முன்போல இல்லை. எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் நர்ஸிங் படித்து அயர்லாந்துக்கும் கனடாவுக்கும் போகிறார்கள். விசா முடிந்தால் திரும்பி வரவேண்டிய எலக்ட்ரீஷியனை எதற்குக் கட்ட வேண்டும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அவர்கள் கண்ணுக்கு அவனைக் கொஞ்சம் எடுப்பாகக் காட்ட வேண்டியிருந்தது. அதற்கு வீட்டில் வேண்டாததை ஒதுக்கினார்கள், ஒதுக்கியதில் நான் இருந்தேன்.

நான் எழுதிய தாளை அம்மா கிழித்துப் போட்டாள். பாக்கித் தாள்கள் தரகரிடம் போய்விட்டன. அடுத்த மாதமே ஓரிடம் ஒத்து வந்தது. தம்பி லீவில் வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெண் வீட்டார் வீடு காண வருவதாகச் சொன்னார்கள். சனிக்கிழமை அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நாகர்கோவிலில் இருக்கும் என் சிநேகிதி வீட்டுக்கு ஒரே ஒரு நாள் போய் வரச் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. தம்பி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான், தலையை நிமிர்த்தவில்லை. அவனுக்காகச் சரி என்றேன்.

காலையில் தக்கலை பேருந்து நிலையத்தில் போய் நின்றேன். நாகர்கோவில் பேருந்து ஒன்று வந்து போனது. இன்னொன்றும் வந்து போனது. கால் ஏறவில்லை. முந்தைய வருடம் என் மேசைக்கு வந்த ஒரு வயதான அம்மாவின் நினைவு வந்துவிட்டது. அண்ணன்மார் எழுதிக் கொடுத்த வாரிசுப் பட்டியலில் அந்த அம்மாவின் பெயர் இல்லை. சொத்துக்காகச் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "சொத்து எனக்கு வேண்டாம் மக்ளே. எங்க அப்பனுக்கு நானும் பிறந்தேன்னு எழுதிக் குடுத்தா போதும்" என்றார். அன்றைக்கு அவர் பெயரைச் சேர்க்க வைத்துவிட்டுப் பெருமையாக வீட்டுக்கு வந்தவள் நான். இப்போது என் பெயரை நானே அடித்துவிட்டுப் பேருந்துக்கு நிற்கிறேன். எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது. ஓர் ஆட்டோ பிடித்து வீட்டுக்குத் திரும்பினேன்.

முற்றத்தில் இரண்டு கார் நின்றது. பின்வாசல் வழியாக நுழைந்து அறைக்குள் இருந்திருக்கலாம். முன்வாசல் வழியாகத்தான் போனேன். ஹாலில் ஏழெட்டுப் பேர் சாயாவும் நேந்திரங்காய் வற்றலுமாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மா வற்றல் தட்டோடு நின்றிருந்தாள். பெண்ணின் தகப்பனார் கேட்டார்.

"இது யாரு?"

அம்மா தட்டை அடுத்தவருக்கு நீட்டினாள். தம்பி சாயாவை எடுத்துக் குடித்தான். அந்த அரை நிமிடம்போல வேறெதுவும் என்னை நோகடித்ததில்லை.

"நான் இவனுக்கு அக்கா" என்றேன்.

"எழுதித் தந்ததுல அக்கா இல்லியே."

"எழுதுனதுல தப்பு. நான் உண்டும்."

"எங்க கெட்டிக் குடுத்திருக்கு?"

"கெட்டல்ல. இந்த வீட்டுலதான் தாமசம். இனியும் இங்கதான்."

அவர்கள் மரியாதையான மனிதர்கள். சாயாவைக் குடித்து முடித்து, ஜெபம் பண்ணி, விவரம் சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். எதையும் அனுப்பவில்லை.

"இப்போ ஒனக்குச் சமாதானமா, ஏட்டி?" என்று கேட்ட அம்மா, அதன் பிறகு இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்குச் சமாதானம் இல்லை. தம்பிக்குச் சோறு போடும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் போட்டேன். ஆனால் செய்தது தப்பு என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

லீவு முடிந்து அவன் திரும்பிய அன்று திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு நான்தான் கூடப் போனேன். பாறசாலை தாண்டியதும் அவன் சொன்னான்.

"அக்கா, அது அம்ம மட்டும் செய்யல்ல. தரகர் எனக்கு வாட்ஸ்அப்பில அனுப்பிக் கேட்டாரு. வாசிச்சுப் பாத்துட்டு நான்தான் சரின்னு சொன்னேன்."

கன்னத்தில் அடித்ததுபோல இருந்தது. அம்மா என்றால் ஊருக்குப் பயந்தவள். இவன் நான் கட்டிக் கொடுத்த சோற்றுப் பொதியோடு படிக்கப் போனவன். கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டு அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, "நீ எழுத வச்சத நீயே திருத்து" என்றேன். அவன் தலையாட்டினான்.

நாலைந்து மாதம் கழித்து, மனுக்களுக்கு நடுவில் இருந்தபோது போனில் புதுத் தாள் வந்தது. தரகரை விட்டுவிட்டு அவனே தயாரித்திருந்தான். 'சகோதரி: ஒருவர். மூத்தவர். தாலுகா அலுவலகத்தில் பணி. திருமணம் ஆகவில்லை. எங்கள் வீட்டில் எங்களோடு வசிக்கிறார்.' அடியில், 'சரியா பாருக்கா' என்று ஒரு வரி.

இரண்டு முறை வாசித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் என் கண் பழகிய கண், தப்பு இருந்தால் விடாது. அப்பா விட்டுப்போன ஓட்டு வீட்டை இடித்துவிட்டு இந்த வீட்டை எழுப்பியது நான், பத்திரமும் என் பெயரில்தான் இருக்கிறது. கடைசி வாக்கியத்தை மட்டும் திருத்தி அனுப்பினேன்: 'தாயார் அக்காளின் வீட்டில் அக்காளோடு வசிக்கிறார்.'

அவன் அதை மாற்றாமல் அப்படியே எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறான். இன்னும் பெண் அமையவில்லை. என்னால்தான் என்று அம்மா சொல்கிறாள். இருக்கலாம். வருகிறவள் என்னையும் வாசித்துவிட்டு வரட்டும்.